மாங்காய்ப் பூட்டும் ஊறுகாய் வாடையும்

எங்க வீட்டுக்காரரு கிதர் முகம்மதுக்கு யாரைப் பாத்தாலும் சந்தேகம். கரண்ட் ரீடிங் எடுக்க வர்றவன் செத்த நேரம் நின்னாப் போதும், "நர்கீஸ், அவன் பெட்டியத்தான் பாக்குறான்"னுவாரு. அடக் கருமமே, பெட்டிக்கு மேலதான மீட்டரே இருக்கு!

அந்த இரும்புப் பெட்டிக்குள்ள ஒரு பழைய கறுப்பு வெள்ளை கத்திச்சண்டைப் படத்து ரீலு. அதுல குதிரையில இருந்து தாவுற ஆளுகள்ல என் மாமனாரும் ஒருத்தரு. இவருக்கு மூணு வயசா இருக்கும்போதே அவரு மவுத்தாயிட்டாரு. வீட்டுல ஒரு போட்டோ கெடையாது. அத்தா மொகத்தப் பாக்கணும்னா அந்த ரீலுதான். இவரு சின்னாளப்பட்டி சினிமாக் கொட்டகையில ஆபரேட்டரா இருந்தப்ப, தூக்கிப் போட இருந்ததக் கேட்டு வாங்கிட்டு வந்தாரு.

ரெண்டு வருசம் முந்தி மெட்ராசுல இருந்து பாஸ்கல்னு ஒரு தம்பி வந்துச்சு. பழைய சண்டைப் படமாத் தேடிச் சேக்குற ஆளு.

"கயிறு கட்டாம, நெசமாவே குதிச்சிருக்காங்க பாய். அதுக்காகத்தான் நாங்க இப்புடி அலையுறோம். இந்தப் படம் வேற எங்கயும் இல்ல. ஒரு காப்பி எடுத்துத் தாரேன். பெட்டிய அப்பப்பத் திறந்து வைங்க, ரீலுக்குக் காத்து வேணும்."

காப்பியும் வேணாம்னு அனுப்பிட்டாரு. அந்தத் தம்பி தெரு தாண்டல, இவரு ஆரம்பிச்சுட்டாரு. "காத்து வேணுமாம்! ரீலுக்கு என்ன மூக்கா இருக்கு? திறக்க வச்சு அமுக்கப் பாக்குறான்."

அன்னிக்கே ரீல பிளாஸ்டிக் கவர்ல சுத்தி, பெட்டி இடுக்குல மெழுகு ஊத்தி, மாங்கா வடிவத்துல இருக்குற நம்ம ஊரு மாங்காய்ப் பூட்டு ரெண்டப் போட்டாரு. சாவி இடுப்பு பெல்ட்டுல.

போன மாசம் பெட்டிப் பக்கம் புளிச்ச வாடை.

"ஊறுகா ஜாடிய உள்ள ஒளிச்சு வச்சிருக்கே. கள்ளச்சாவி போட்டியா?"

எனக்கு வந்துச்சே கோவம்! முப்பத்தெட்டு வருசம் ஆக்கிப் போட்டவ மேலயா சந்தேகம்? "திறந்து பாருங்க. ஊறுகா இருந்தா இப்பவே என் தம்பி வீட்டுக்குப் போறேன்"னேன்.

என்னையக் கையும் களவுமாப் பிடிக்கத்தான் திறந்தாரு. மூடியத் தூக்குனதும் கண்ணு எரிஞ்சுச்சு. ஊறுகாயும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரீலு சுருண்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடந்துச்சு. இவரு வெரலு பட்ட எடம் அப்பளமா நொறுங்குச்சு.

பாஸ்கலுக்குப் போன் போட்டேன். "காத்துப் போகாம அடைச்சா ரீலே புளிச்சுப் போகும்மா. இனி ஒண்ணும் பண்ண முடியாது"ன்னுச்சு.

நல்லாத் திட்டணும்னுதான் வாயத் திறந்தேன். இவரு நொறுங்குன துண்ட மூக்குக்கிட்ட வச்சுக்கிட்டே சொன்னாரு: "ஊறுகா இல்ல நர்கீஸ். எங்கத்தா."