பச்சையாகவே காய்ந்த மரம்

டிசம்பர் இருபத்து நான்காம் திகதி மாலை ஐந்து நாற்பதுக்கு நான் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்துக்குத் திரும்பியபோது முதலில் கண்ணில் பட்டது பக்கத்து வீட்டுப் பெரியப்பாவின் கட்டில். அது வாசற்கதவை ஒட்டி, நிலைப்படியைப் பாதி மறித்தபடி கிடந்தது. பெரியப்பா இரண்டு கம்பளிக்குள்ளிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு படுத்திருந்தார். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அந்தக் கட்டில் உள்ளேதான் இருந்தது, எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரோரமாக.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வட்டவளைக் கோயிலில் கரோல் பாட்டுப் பயிற்சி முடித்து மேடு ஏறி வந்திருந்தேன். கட்டில் இடம் மாறியதன் காரணம் உடனே விளங்கிவிட்டது. எங்கள் கிறிஸ்மஸ் மரத்தில் அன்றுதான் விளக்கு எரியப்போகிறது. எங்கள் ஜன்னல் வெளிச்சம் முற்றத்தில் விழுவது அவர் வாசலிலிருந்து நன்றாகத் தெரியும். வேறு எதற்காக ஒரு மனிதர் பனியில் வந்து படுப்பார்?

பெரியப்பா எங்களுக்கு உறவில்லை. அவர்கள் வீட்டில் முருகன் படம், எங்கள் வீட்டில் மாதா படம். கொழுந்து லொறியிலிருந்து விழுந்த நாளிலிருந்து அவரால் எழுந்து நடக்க முடியாது. ஆனால் லயத்தில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று எழுந்து நடந்தவர்களைவிட அவருக்குத்தான் கூடுதலாகத் தெரியும். பன்னிரண்டு வீடுகளுக்கும் ஒரே தகரக் கூரை. நடுச்சுவர்கள் கூரையைத் தொடாமல் ஒரு முழம் கீழேயே நின்றுவிடும். ஒரு வீட்டுப் புகையும் பேச்சும் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். ஆற்றுக்கு மறுகரைத் தோட்டத்தில் ஒரு வீட்டில் பிடித்த தீயில் லயம் முழுவதும் எரிந்து போனதை நானும் கேள்விப்பட்டிருந்தேன். அதற்கும் எங்கள் மரத்துக்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மரம் உண்மையில் ஒரு சைப்ரஸின் உச்சிதான். மாதத் தொடக்கத்திலேயே அப்பா அதை வெட்டிவிட்டார். தோட்டத்து மரத்தில் கை வைக்கக் கூடாது என்பதால் காவல்கார வாச்சரின் கண்ணில் படாத இடம் வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி ஓர் இடம்தான் உண்டு: அடுப்புக்கு மேலே விறகு காயப்போடும் பரண். ஈர விறகையே ஒரு வாரத்தில் முறுக வைக்கும் அந்தப் பரணில் மரம் இரண்டு வாரத்துக்கு மேல் படுத்திருந்தது. இறக்கியபோதும் அது பச்சையாகவே இருந்ததில் அப்பாவுக்கு மிகுந்த பெருமை.

விளக்கு, மாமாவின் பங்கு. அம்மாவின் தம்பியான அவர் கினிகத்தேனையில் ஒரு கடையில் வேலை பார்த்தார். யாரோ வாங்கிப் போய்த் திருப்பிக் கொடுத்த விளக்குச் சரம் ஒன்று அவருக்குச் சும்மா கிடைத்திருந்தது. ஏன் திருப்பிக் கொடுத்தார்கள் என்று அவர் விசாரிக்கவில்லை. வயர் அறுந்திருந்த இரண்டு இடங்களில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரை ஒட்டியிருந்தார். முந்தின நாள் மாலை, அடுத்த லயத்துக்கும் கேட்கிற குரலில் தன் திட்டத்தைச் சொன்னார்.

"விடிய விடிய எரியட்டும்க்கா. அஞ்சு மணிப் பூசைக்கு நாம போனாலும் அது பாட்டுக்கு எரியட்டும். ரோட்டுல போறவங்க பார்க்கணும்."

அம்மா அப்போது முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். அடுத்த முறுக்கை எண்ணெயில் போட்டார்.

அதனால்தான் கட்டிலைக் கண்டதும் நான் ஓடிப்போய் அம்மாவிடம் செய்தி சொன்னேன். நம் விளக்கைப் பார்க்கப் பெரியப்பா வாசலுக்கே வந்துவிட்டார் என்றேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு தட்டில் முறுக்கும் கேக்கும் வைத்து எடுத்துக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன்.

இந்தப் பனியில் கட்டிலை ஏன் இங்கே போட்டிருக்கிறீர்கள் என்று அம்மா கேட்டார். உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்று பெரியம்மா சொன்னார். சொன்னவர் ஸ்வெட்டருக்கு மேல் துவாயும் போர்த்தியிருந்தார்.

பெரியப்பா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "புழுக்கமும் இல்ல ஒண்ணும் இல்லம்மா. ஒங்க வீட்டு லைட்டப் பார்க்கத்தான். சும்மா சொல்லக் கூடாது, மரம் நல்லா பச்சப்பசேல்னு இருக்காம்."

நான் சொன்னது சரியாகிவிட்டதில் எனக்குச் சந்தோஷம். அம்மா கட்டிலுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே புதிதாக வெட்டிய இரண்டு கம்புகளில் கொழுந்துச் சாக்கு ஒன்றைக் கோர்த்து வைத்திருந்தார்கள். தலையணைக்குப் பக்கத்தில் ஒரு சீலைப் பை. அதன் வாய்க்குள் கிளினிக் கொப்பியும் அடையாள அட்டையும் தெரிந்தன. தோரணம் கட்ட அந்தக் கம்புகள் தோதாக இருக்கும் என்று நான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நேராக மரத்திடம் போனார். மாமா ஸ்டூலில் ஏறி நின்று உச்சியில் சரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். அம்மா மரம் நின்ற வாளிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். முந்தின நாள் ஊற்றிய தண்ணீர் ஊற்றிய அளவிலேயே நின்றது. மரத்தின் வெட்டுவாய் பிசின் கட்டி மூடியிருந்தது. பிறகு ஒரு சிறு கிளையை வளைத்தார். அது வளையவில்லை. சுள்ளி மாதிரி ஒடிந்தது.

"பச்சையாத்தானேக்கா இருக்கு?" என்றார் மாமா.

"பச்சையாத்தான் இருக்கு. வந்து பாரு."

அம்மா அதை அடுப்பில் போட்டார். கிளை பற்றவில்லை, வெடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். சடசடவென்ற சத்தத்தோடு சுவாலை பானையின் கழுத்தைத் தாண்டி எழுந்தது. ஐந்து எண்ணுவதற்குள் சாம்பல்கூடச் சரியாக மிஞ்சவில்லை. தைலம் எரிந்த வாடை அறை முழுவதும் நின்றது. என் விரலளவு கிளை அது. மரம் மாமாவைவிட உயரம்.

"எறங்குடா தம்பி," என்றார் அம்மா.

மாமா கொஞ்சம் வாதாடிப் பார்த்தார். அரை மணி நேரம் மட்டும் போடலாம் என்றார், தானே காவல் இருக்கிறேன் என்றார், டவுனில் எல்லா வீட்டிலும் இருக்கிறது என்றார். டவுனில் வீட்டுக்கு வீடு கூரை உண்டு என்று மட்டும் அம்மா சொன்னார். இருவருமாக மரத்தைத் தூக்கினார்கள். நிலைப்படியைத் தாண்டும்போது இலைகள் மரத்தூள் மாதிரி கொட்டின. பிஸ்கட் பக்கற்றின் வெள்ளித்தாளில் நான் வெட்டி ஒட்டிய நட்சத்திரங்களோடு மரம் எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் பக்கத்தில், தூறலில் போய் நின்றது. பிளாஸ்டர் ஒட்டிய சரம் பெட்டிக்குள் போனது. கோபித்துக்கொண்ட மாமா பீலிக் கட்டின் மேல் போய் உட்கார்ந்து சட்டைப் பையில் கைவிட்டார்.

"அங்க குந்திக்கிட்டு பீடி பத்த வச்சிடாத," என்று அம்மா வாசலிலிருந்து சொன்னார்.

நான் அழுதேன். பாட்டுக் குழுவில் எல்லோரிடமும் எங்கள் விளக்கைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தேன். பெரியப்பாவின் கட்டிலருகே போய், எல்லாம் அம்மாவால்தான், நீங்கள் பனியில் வந்து படுத்தது வீணாகிவிட்டது என்று முறையிட்டேன். அவர் என் தலையில் கை வைத்தார். கை சில்லென்று இருந்தது.

"அழுவாத புள்ள. நனைஞ்ச மரமும் அழகாத்தான் இருக்கு. ஒரு பாட்டுப் பாடு, கேப்போம்."

நான் பாட மறுத்துவிட்டேன்.

ஏழு மணிக்குக் கரோல் பாடுகிறவர்கள் லாந்தரோடு வந்தார்கள். வீட்டுக்குள் மரம் இல்லாததால் பீலியடியில் நின்று பாடினார்கள். லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் கூடிவிட்டார்கள். பாட்டு முடிந்து நான் திரும்பிப் பார்த்தபோது பக்கத்து வீட்டு வாசலில் கட்டில் இல்லை. கதவு சாத்தியிருந்தது. நனைந்த மரம் அழகு என்று சொன்னவர் பாட்டு முடியும் வரைகூடக் காத்திருக்கவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது. அம்மாவிடமும் அதைச் சொன்னேன். அம்மா எனக்கு ஒரு துண்டு கேக் வெட்டிக் கொடுத்தார்.

விடியற்காலை மூன்றே முக்காலுக்குப் பூசைக்குப் போக எழுந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.