பாக்கெட் அக்கா

கையை விட்டுத் துழாவி, பாக்கெட்டை வெளிப்பக்கமாகத் திருப்பி, ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் கோட்டைக் கூடையில் போடுகிறாள். அடுத்த கோட்டு. மறுபடியும் அதே துழாவல். "என்னத்தப்பா ஒளிச்சு வச்சிருக்க?" என்று கேள்வி வேறு. கோட்டிடம்தான் கேட்கிறாள். அதைப் போட்டுக்கொள்ளும் டாக்டரிடம் இப்படிக் கேட்க முடியுமா?

பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடம் அது. பேனா, மிட்டாய், வீட்டுச் சாவி, ஒரு தடவை யாருடையதோ பல்செட். எல்லாம் அவள் கையில் அகப்பட்டு உரியவரிடமே போய்ச் சேர்ந்திருக்கிறது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருப்பதோடு சரி. எல்லாருக்கும் அவள் பாக்கெட் அக்கா. வீட்டுக்கு வந்த விருந்தாளி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால்கூடக் கை தானாகப் போய்விடும். கொழுந்தனார் ஒருமுறை பார்த்துவிட்டு, "காசு வேணும்னா கேட்டிருக்கலாமே அண்ணி" என்றார். மானம் போயிற்று. பழக்கம் போகவில்லை.

கெட்ட சேதியை வைத்துக்கொள்ளவும் அவளுக்குத் தெரியாது. "சூடா இருக்கும்போதே சொல்லிடணும். ஆறிப்போனா நாறிப்போகும்" என்பாள். தன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் மட்டும் வாய் பூட்டிக்கொள்ளும்.

இப்போது அதுதான் வினையாகப் போயிற்று. சலவைக்கூட சூப்பர்வைசரம்மா ஓய்வு பெறுகிறார். அவர் கழுத்தில் பச்சைக் கயிற்றில் தொங்கும் துணி அறைச் சாவி இனி யார் கழுத்துக்கு? பாக்கெட் அக்காவுக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்களெல்லாம் பதவி உயர்ந்து எங்கெங்கோ போய்விட்டார்கள். "எனக்கு ஆசையா இருக்குங்க. ஆசைப்பட்டா குத்தமா?" என்று பஸ் ஓட்டும் கணவரிடம் கேட்டாள். நாள் முழுக்க நிற்க மாட்டேன் என்று முழங்காலும் அடம்பிடிக்கிறது.

அன்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் தினமும் அந்த வேலைக்கான இன்டர்வியூ ஒத்திகை. கணவர் தொண்டையைச் செருமினால் மேனேஜராகிவிட்டார் என்று அர்த்தம்.

"சொல்லும்மா, இங்க நீ என்ன சாதிச்சிருக்க?"

"பாதிக்கு மேல எங்க இஸ்திரிக்காரி பண்ணதுதான் சார்..."

"அடியே! நம்ம கல்யாணத்துல நீ மணையில வந்து உக்காந்ததே பெரிய விஷயம். 'பாவம், அவதான் ரொம்ப கஷ்டப்பட்டா'ன்னு வேற யாரையாவது உக்கார வச்சிருப்ப! நிமிந்து உக்காரு. 'நான் பண்ணேன்'னு சொல்லு."

இன்டர்வியூ நாளன்று காலையில் 'நான் பண்ணேன், நான் பண்ணேன்' என்று முணுமுணுத்துக்கொண்டே கோட்டுகளைப் பார்த்தாள். வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். ஒரே ஒரு பாக்கெட் தப்பிவிட்டது. அதற்குள் ஒரு புதுச் சிவப்புக் கைக்குட்டை. மெஷின் கதவைத் திறந்தால் டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகள் அத்தனையும் ரோஸ் நிறத்தில் சொட்டச் சொட்டக் கிடக்கின்றன.

அய்யோ என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். இஸ்திரிக்காரி ஓடி வந்தாள். "அக்கா, மூச்சு விடாதீங்க. கதவ மூடுங்க. இன்டர்வியூ முடிஞ்சு வந்து பாத்துக்கலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

யாருக்கும் தெரியாதுதான். கதவில் வைத்த கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. அந்தச் சாவி அவளுக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

"அதுக்குள்ள சாயம் நல்லாப் புடிச்சிக்கும்டி" என்றாள் கடைசியில். ஈரக் கோட்டு ஒன்றை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

மேனேஜர் அறையில் அவள் நிமிர்ந்து உட்காரவில்லை. உட்காரவே இல்லை. "சார், நான் பண்ணேன்" என்றாள். வீட்டில் அத்தனை நாள் முக்கியும் வராதது கடகடவென்று வந்தது. "பாக்கெட்டப் பாக்காம போட்டுட்டேன். இஸ்திரிக்காரிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. காயறதுக்குள்ள ப்ளீச்ல போட்டா போயிடும். கோட்டு லேட்டாகும்னு டாக்டருங்ககிட்ட நானே சொல்லிடறேன். நான் போகட்டுமா சார்?"

தரையில் ரோஸ் நிறமாய்ச் சொட்டிக்கொண்டிருந்தது. கேட்க வைத்திருந்த கேள்விகளை விழுங்கிக்கொண்டு மேனேஜர், "போங்க" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "நான் பண்ணேன்னு சொல்லச் சொன்னது நல்லதச் சொல்றதுக்குடி!" அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தார். தைலத்தை எடுத்து வந்து அவள் முழங்காலைத் தேய்த்துவிட உட்கார்ந்தார்.

மறுநாள் கோட்டுகள் பழையபடி வெளுத்து மடிப்பு மேசைக்கு வந்துவிட்டன. மேனேஜரும் வந்தார். அவரும் வெள்ளைக் கோட்டுக்காரர்தான். கழற்றி அவளிடம் நீட்டினார். "இதையும் போட்டுடுங்க. பாக்கெட்டெல்லாம் பாத்துட்டேன்."

பார்த்துவிட்டாராம்! நம்புகிறவளா அவள்? கை உள்ளே போயிற்று. வெளியே வந்தது ஒரு பச்சைக் கயிறு, அதன் நுனியில் துணி அறைச் சாவி.

"சார், சாவிய மறந்துட்டீங்க."

"மறக்கலம்மா."

இஸ்திரிக்காரி போட்ட கூச்சலில் மெஷின் சத்தம்கூடக் கேட்கவில்லை. பாக்கெட் அக்கா சாவியைப் பார்த்தாள், மேனேஜரைப் பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கோட்டின் அடுத்த பாக்கெட்டுக்குள் கையை விட்டாள்.