மூன்றுக்குப் பக்கத்து இலக்கம்

செய்தி வந்தபோது காலை பத்தரை மணி. டுசல்டோர்ஃபில் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் கமலநாயகி உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். தொலைபேசியை எடுத்துக் கேட்ட மேற்பார்வையாளர் வந்து, அவள் கையிலிருந்த கத்தியை மெல்ல வாங்கி மேசையில் வைத்தார். சாதாரணச் செய்திக்கு யாரும் கத்தியை வாங்கி வைப்பதில்லை. கமலநாயகிக்கு அப்போதே விளங்கிவிட்டது.

அவள் கணவர் தியாகராசா தன் கடையில், தையல் இயந்திரத்துக்கு முன்னால் இருந்தபடியே போயிருந்தார். காற்சட்டையைக் கட்டையாக்கக் கொடுத்திருந்த ஒருவர் அதை வாங்க வந்திருக்கிறார். மேசையில் தலை சாய்ந்திருப்பதைக் கண்டு, மனிதர் களைத்துப்போய்க் கண்ணயர்கிறார் என்று எண்ணி, எழுப்ப மனமில்லாமல் சற்றுநேரம் கதிரையில் இருந்திருக்கிறார். பிறகுதான் தொட்டுப் பார்த்தார். அது 2007 ஜூலை.

தியாகராசாவின் வாழ்க்கையைச் சொல்வதற்கு அதிகம் இல்லை. கொக்குவிலில் பிறந்தார். எண்பத்தைந்தில் கிழக்குப் பெர்லின் வழியாக வந்து இறங்கினார். அகதி முகாமில் வேலை செய்ய அனுமதி இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் ஒன்று. அனுமதி கிடைத்த பிறகு உணவகத்தில் கோப்பை கழுவிய காலம் ஒன்று. ஒரு துருக்கியரின் கடையில் தையல் பழகி, தொண்ணூற்று நான்கில் டுசல்டோர்ஃபின் பில்க் பகுதியில் உடை திருத்தும் கடையொன்றைத் தானே திறந்தார். அதற்குப் பிறகு வேலைநாளொன்றில் அந்தக் கடை பூட்டிக் கிடந்தது ஒரேயொரு முறைதான்: மகள் சாரங்கா முதல்முதலாகப் பள்ளிக்கூடம் போன அன்று. காய்ச்சலோடும் திறந்தார். தாய் ஊரில் செத்துப்போன செய்தி வந்த மறுநாளும் திறந்தார்.

அந்தக் கடைக்குள்தான் அமெரிக்கக் கால்பந்து வந்து சேர்ந்தது. அப்போது நகரத்தில் றைன் ஃபயர் என்றொரு குழு இருந்தது. அதன் ரசிகர்கள் சட்டையில் இலக்கம் தைக்கக் கொண்டுவருவார்கள். ஒட்டினால் கழுவும்போது கழன்றுவிடும், தைத்தால்தான் நிற்கும் என்பது தியாகராசாவின் கட்சி. தாடிக்கார வாடிக்கையாளர் ஒருவர் கூலியோடு சேர்த்து ஒரு நுழைவுச்சீட்டையும் கொடுத்துவிட்டுப் போனார். தியாகராசா தனியாகப் போக வெட்கப்பட்டு, இன்னொரு சீட்டு வாங்கி, விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலை செய்த நண்பர் வின்சன்றையும் கூட்டிக்கொண்டு போனார். வின்சன்ற் மன்னார்க்காரர், கத்தோலிக்கர், அவரைவிட எட்டு வயது இளையவர். உடம்பு மட்டும் இருவருக்கும் ஒரே அளவு. குளிருக்கு ஒருவருடைய கோட்டை மற்றவர் மாட்டிக்கொண்டு போய்விடுவார்.

கமலநாயகி ஒருமுறை தொலைக்காட்சியில் அந்த நீள்வட்டப் பந்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தேங்காயை வைச்சுக்கொண்டு இத்தினை பேர் அடிபடுறாங்கள். ஒராள் உரிச்சுக் குடுத்தாலென்ன?"

அவர்களுக்கோ அது வேதமாகிவிட்டது. தாடிக்காரர் இரவல் கொடுத்த பழைய ஒளிநாடாக்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் அந்த வாதம்: இந்த விளையாட்டை ஆடியவர்களுள் ஆகப் பெரியவர் யார்? தியாகராசாவுக்கு வோல்டர் பேற்றன், முப்பத்துநான்காம் இலக்கம். வின்சன்றுக்கு ஜிம் பிறவுண், முப்பத்திரண்டாம் இலக்கம். இருவரும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடியவர்கள். தாடிக்காரர் ஒருநாள், பந்தெறிந்த ஜோ மொண்டானாவின் பெயரைச் சொன்னபோது மட்டும் இரண்டு பேரும் ஒரு கட்சியாக நின்று அவரை அனுப்பிவைத்தார்கள். பிறகு தங்களுக்குள் தொடங்கினார்கள்.

"மைதானக் கோட்டுக்கு வெளியில ரெண்டு அடி வைச்சால் ஒருத்தனும் இடிக்க மாட்டான், வின்சன்ற். எல்லாரும் அப்பிடித்தான் தப்புறவங்கள். பேற்றன் எண்ட இந்த மனுசன் வெளியில போகேல்லை. இடிக்க வாறவனைத் தான் போய் இடிச்சவர்."

"அது வீரமோ விசரோ, அண்ணை?"

"பதின்மூண்டு வருசத்தில ஒரேயொரு ஆட்டந்தான் விட்டவர். அது உமக்குத் தெரியுமோ?"

"என்ர ஆள் ஒன்பது வருசத்தில ஒண்டும் விடேல்லை. அதில எட்டு வருசம் ஓட்டத்தில அவர்தான் முதல். கணக்கைச் சரியாச் சொல்லுங்கோ."

"ஒன்பது வருசத்தோட வீட்டை போனவனுக்கு என்ன கணக்கு?"

"உச்சியில நிக்கேக்க தானா இறங்கினவர் அண்ணை. ஆர் இறங்குவினம்? நிண்டு பிடிக்கிறதுதான் பெரிசெண்டால் ஜெரி றைஸைச் சொல்லுங்கோவன். இருபது வருசம்."

"அவர் ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கிறவர். ஒரு ஆட்டத்தில எத்தினை இடி விழும்? பேற்றனுக்கு எழும்ப எழும்ப இடி."

இப்படியே வருடங்கள் போயின. தோற்கிறவர் வென்றவருடைய ஆளின் இலக்கத்தைச் சட்டையில் போட்டுக்கொண்டு, ஆவணி மாதம் தமிழ்க் கத்தோலிக்கர்கள் கூடும் கேவெலார் மாதா திருவிழாவில் எல்லோருக்கும் சோறு பரிமாற வேண்டும் என்று பந்தயம். வின்சன்ற் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கு வருவார். தியாகராசா கேவெலாருக்குப் போவார். ஒவ்வொரு வருடமும் இருவரும் இலக்கமில்லாத சட்டையோடுதான் போய்வந்தார்கள். விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

அவர் இறந்த அந்த வருடம் தைமாதம் தியாகராசாவுக்கு நெஞ்சு நொந்தது. இதய மருத்துவர் வேலையைக் குறைக்கச் சொன்னார், மறுபரிசோதனைக்கு நாள் குறித்து டெர்மின் கொடுத்தார். முதல் டெர்மினைக் கல்யாண உடுப்புகள் குவிந்து கிடக்கின்றன என்று தள்ளிவைத்தார். இரண்டாவதற்கும் ஒரு காரணம் இருந்தது. கமலநாயகி அழுதும் பார்த்தாள், பேசாமல் இருந்தும் பார்த்தாள். கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் இருங்கள், என் சம்பளம் போதும் என்றாள். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவர் சிரித்துக்கொண்டு சொன்னார்: "வின்சன்ற் என்னை வாதத்தில வெல்லட்டும். அண்டைக்கே பூட்டுறன்."

நழுவுவதற்காகச் சொன்ன சொல் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அதை அவள் விடவில்லை. வின்சன்றுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"தம்பி, உங்கட ஆளை எப்பிடியாவது வெல்லப் பண்ணுங்கோ."

"அக்கா, அவர் விளையாட்டை விட்டு நாற்பது வருசம். இனி நான் என்னெண்டு வெல்லப் பண்ண?"

"அது எனக்குத் தெரியாது. வெல்லுங்கோ."

அன்றிலிருந்து வின்சன்ற் வேடிக்கையை விட்டுவிட்டு வாதாடினார். வேலை முடிந்த கையோடு, உழைத்த வேர்வை காயாமல், கடைக்கு வருவார். இறங்கத் தெரிந்தவன்தான் பெரியவன் என்பார். எதைச் சொன்னாலும் அந்த இடத்துக்கே கொண்டுவந்து முடிப்பார். ஒருநாள் சொல்லக்கூடாததையும் சொன்னார்: "உங்கட பேற்றன் ஐம்பதைக் காணேல்லை அண்ணை. பிறவுணுக்கு எழுபத்தொரு வயசு, இண்டைக்கும் நடமாடுறார்."

தியாகராசா இயந்திரத்தை நிறுத்தவில்லை. "அது ஈரல் வருத்தம். ஓட்டத்தால வந்ததில்லை," என்றார். சிறிது நேரம் கழித்து, "கமலா சொல்லித்தானே இதெல்லாம் கதைக்கிறீர்?" என்று கேட்டார். வின்சன்றுக்குப் பொய் வரவில்லை.

ஆனி மாதக் கடைசியில், அமெரிக்காவில் இருப்பவர்கள் ஐரோப்பாவில் நடத்திவந்த போட்டித் தொடரை மூடிவிட்டதாக அறிவித்தார்கள். அத்தோடு றைன் ஃபயரும் இல்லை. அன்று பின்னேரம் வின்சன்ற் கடைக்குப் போனபோது தியாகராசா விளக்குக்கூடப் போடாமல் இருந்தார். வாதாட வின்சன்றுக்கும் மனமில்லை. ஆனாலும் கேட்டார்: "அவங்களே பூட்டிப்போட்டாங்கள். நீங்கள் என்ன அண்ணை செய்யப்போறியள்?"

"யோசிப்பம்," என்றார் தியாகராசா.

இத்தனை வருட வாதத்தில் அந்தச் சொல் அவர் வாயில் வந்ததில்லை. வின்சன்ற் தெருவில் நின்றபடியே கமலநாயகிக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னார்: "அக்கா, யோசிப்பம் எண்டவர்." அன்றிரவு அவள் அவருக்குப் பிடித்த முருங்கைக்காய்க் கறி வைத்தாள். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் முறிந்துவிடும் என்று பயந்தாள். மூன்று கிழமை அப்படியே, கேட்காமலே, போனது.

தகனம் முடிந்த அடுத்த கிழமை, வாடிக்கையாளர்களின் உடுப்புகளைத் திருப்பிக் கொடுப்பதற்காக அவள் கடையைத் திறந்தாள். வின்சன்ற் உதவிக்கு வந்தார். கொழுவியில் தொங்கியவற்றை ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். சிலர் கையைப் பிடித்தார்கள். சிலர் கூலியைக் கொடுத்துவிட்டு நிலத்தைப் பார்த்தபடி போனார்கள். எல்லாம் போன பிறகு இயந்திரத்தில் ஊசிக்குக் கீழே ஒன்று மிஞ்சியது. வெள்ளைச் சட்டை. யாருடைய சீட்டும் அதில் குத்தியிருக்கவில்லை.

வின்சன்ற் குனிந்து பார்த்தார். முதுகுப் பக்கத்தில் கறுப்புத் துணியில் வெட்டிய மூன்று. அதற்குப் பக்கத்தில் இடம் விட்டிருந்தது. அந்த இடத்துக்கான கறுப்புத் துணித்துண்டு மேசையில் கிடந்தது, கத்தரி படாமல்.

"முப்பத்திரண்டோ முப்பத்துநாலோ?" என்று கேட்டாள் கமலநாயகி. அவளுக்கும் அந்த இலக்கங்கள் பாடம். முப்பத்திரண்டு என்றால் அவர் தோல்வியை ஒப்புக்கொண்டு, தனக்கே தைத்த சட்டை. கடையைப் பூட்டத் தீர்மானித்துவிட்டார் என்று பொருள். முப்பத்துநான்கு என்றால் வின்சன்ற் போடுவதற்குத் தைத்த சட்டை, கடைசிவரை விடவில்லை.

"நாலுதான் அக்கா," என்றார் வின்சன்ற்.

"என்னெண்டு தெரியும்?"

"அவராவது எனக்கு விட்டுத்தாறதாவது."

"நான் அழுவனெண்டுதானே அப்பிடிச் சொல்லுறியள்?"

வின்சன்ற் கதிரையை இழுத்து அமர்ந்தார். பொதி தூக்கித் தூக்கித் தேய்ந்த முதுகு. இருக்கும்போது எப்போதும் ஒரு கையை ஊன்றித்தான் இருப்பார். "ரெண்டெண்டால், இன்னும் கொஞ்ச நாளில பூட்டியிருப்பார் அக்கா. நான் இன்னும் கொஞ்சம் வேளைக்கு வெண்டிருக்கலாம். அதை நினைச்சுக்கொண்டு நான் என்னெண்டு படுக்கிறது?"

கமலநாயகி துணித்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "எனக்கு ரெண்டுதான் வேணும் தம்பி," என்றாள். "இருபத்திரண்டு வருசம் குடும்பம் நடத்தியிருக்கிறன். ஒருக்காலாவது என்ர சொல்லைக் கேட்டவரெண்டு இருக்கட்டும்."

தெருவில் டிராம் போனது. கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

"அப்ப ரெண்டையே வெட்டுங்கோ அக்கா," என்றார் வின்சன்ற். "உங்களுக்கும் தைக்கத் தெரியும்தானே. கேவெலாருக்கு நான் போட்டுக்கொண்டு போறன். வெண்டவன் நானெண்டாலும் பறவாயில்லை."

அவள் சுண்ணக்கட்டியால் துணியில் இரண்டின் தலையை வரைந்தாள். வளைவு சரியாக வந்தது. கத்தரியையும் எடுத்தாள். பிறகு கத்தரியை வைத்துவிட்டு, வரைந்ததைப் புறங்கையால் துடைத்தாள்.

"நான் தைச்சால் அது நான் சொன்னதாத்தான் இருக்கும்," என்றாள். "அவர் சொன்னதாகாது."

வின்சன்ற் கேவெலாருக்குக் கோடுபோட்ட சட்டையில் போய்ச் சோறு பரிமாறினார். புரட்டாதியில் கடையை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்தார்கள். இயந்திரத்தைக் கழற்றாமல், சட்டையை எடுக்காமல், அப்படியே தூக்கி வந்து சாரங்காவின் அறையில் வைத்தார்கள். அவள் படிக்க வேறு ஊருக்குப் போயிருந்தாள். கமலநாயகி தூசி தட்டும்போது அதைச் சுற்றித் தட்டுகிறாள்.

ஊசி இன்னும் துணிக்குள் இறங்கியபடி நிற்கிறது. மூன்றின் கீழ்வளைவில் ஒரு விரல் அகலம் தைக்காமல் இருக்கிறது.