பிறந்த வீட்டுக் கோடி

உத்தமபாளையம் நீதிமன்ற வளாகத்திலுள்ள இலவச சட்ட உதவி மையத்துக்கு அவளை நான்தான் அழைத்துச் சென்றேன். கோயிலில் என்னோடு பதிகம் பாடுபவள் அவள்; உறவில்லாவிட்டாலும் என்னை மதினி என்றே அழைப்பாள். கணவனை இழந்தபின், காமயகவுண்டன்பட்டியில் தந்தை விட்டுச்சென்ற திராட்சைத் தோட்டத்து வீட்டில் தனியே வாழ்ந்துவந்தாள். தோட்டத்தை விற்க முற்பட்ட தம்பி, அவளை வெளியேறச் சொல்லிவிட்டான்.

"உங்க அப்பா உயில் எழுதாததால உங்களுக்கும் பங்கு உண்டும்மா. பெண்களுக்கு நாங்க வருமானம் பாக்கிறதில்ல. வக்கீல் செலவும் கிடையாது" என்றார் அங்கிருந்த பெண் வழக்கறிஞர்.

அவர் நீட்டிய மனுவை அவள் வாங்கினாள். பிறகு கேட்டாள்: "கேஸ் போட்டா, நான் செத்த அன்னைக்கு எனக்குக் கோடி யாரு கொண்டாருவாக?"

பெண் இறந்தால் அவள் உடல்மேல் போர்த்தும் புதுச்சேலைதான் கோடி; அது பிறந்த வீட்டிலிருந்தே வரவேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை.

"அதுக்குச் சட்டத்துல வழியில்லம்மா" என்று வழக்கறிஞர் தலைகுனிந்தார். துணை நீயே என்று இறைவனை நாள்தோறும் பாடுகிற நான், என் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டேன்.

"உசுரோட இருக்கையில ஒண்ட இடம் வேணும்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மனுவில் கையெழுத்திட்டாள்.

திரும்பும் வழியில், கடைவீதியில் சிவப்புக்கரைச் சேலை ஒன்றைப் பேரம் பேசாமல் வாங்கி என் கையில் வைத்தாள்.

"இத வச்சிருங்க மதினி. அவன் வரலேன்னா நீங்க போடுங்க."