இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு சாவு

என் அக்கா மகள் செத்துப்போனது ஒரு புதன்கிழமை, மாலை ஏழரை மணிக்கு மேல், விளம்பர இடைவேளைக்குச் சற்று முன்னால். கொன்றவன் நான். அப்போது அவள் கோட்டைக்குப்பத்தில் தன் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, மடியில் சோற்றுத் தட்டோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் தொலைக்காட்சித் தொடருக்கு வசனம் எழுதிப் பிழைப்பவன். இளமையில் நகைச்சுவைக் கட்டுரைகளாக இரண்டு புத்தகம் போட்டேன். அவற்றைக் கடைசிவரை படித்தவர் பிழை திருத்தியவர் ஒருவர்தான், அவரும் சிரித்ததாகத் தகவல் இல்லை. உலக இலக்கியத்தை எல்லாம் கரைத்துக் குடித்துவிட்டு, மருமகளின் காபியில் மாமியார் என்னத்தைக் கலந்தாள் என்று நாலு வாரம் இழுக்கக் கற்றுக்கொண்டேன். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தும் படகில் கால் வைத்தால் வாந்தி எடுப்பவனுக்கு வேறென்ன தொழில் வாய்க்கும்?

ஒருநாள் இயக்குநர், "சார், வீடு பூரா அழுதுட்டே இருக்காங்க. சிரிக்கறதுக்கு ஒரு ஆள் குடுங்க" என்றார். நான் யோசிக்கக்கூட இல்லை. அக்கா மகளைக் கொடுத்துவிட்டேன்.

அவளுக்கு அப்போது பதினேழு வயது. பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்கிறார்கள் என்பதால் பத்தாவதோடு நின்றுவிட்டவள். யாராவது மரியாதைக்கு "சாப்டியா?" என்று கேட்டால், என்ன சாப்பிட்டாள், எத்தனை துண்டு, மீன் யார் கொடுத்தது, அதில் எது கொஞ்சம் கெட்டுப்போயிருந்தது என்பதெல்லாம் சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்காக நிற்பாள். பக்கத்தில் மீன் கொடுத்தவளும் இருப்பாள். "வரேன்" என்று சொல்லிக்கொண்ட பிறகு எப்படித் திரும்புவது என்று தெரியாமல் வாசலிலேயே நிற்பாள். வேடிக்கைப் பேச்சுக்கு எல்லோரும் சிரித்து ஓய்ந்து ஒரு நிமிஷம் கழித்துத்தான் அவளுக்குச் சிரிப்பு வரும். அதற்குள் பேச்சு யாருடைய புற்றுநோய்க்கோ போயிருக்கும்.

இதையெல்லாம் கழற்றிக் கதாநாயகியின் கடைசி நாத்தனாருக்கு மாட்டினேன். தொடரில் அவளை எல்லோரும் கடைக்குட்டி என்று கூப்பிடுவார்கள். பிறகு வாரம் ஒருமுறை அக்காவுக்குப் போன் செய்து, "பொண்ணு இந்த வாரம் இன்னா பண்ணா?" என்று கேட்பேன். தாய்மாமன் பாசம் என்று அக்கா ஒன்று விடாமல் சொல்வாள். நான் ஒன்று விடாமல் எழுதிக்கொள்வேன்.

மூன்றாம் நாளே ஊர் கண்டுபிடித்துவிட்டது. தெருவில் போகிறவளைப் பிடித்து, "ஏ கடக்குட்டி, வா உள்ள. அந்தக் கதவாண்ட நின்னு 'வரேன்'னு சொல்லு" என்பார்களாம். இவளும் சொல்லிவிட்டு நிற்பாள். பெண்கள் கண்ணில் நீர் வரச் சிரித்து, டீ போட்டுக் கொடுப்பார்கள். அதுவரை எந்த வீட்டிலும் அவளை உள்ளே கூப்பிட்டதில்லை. டீயை அவள் அன்பு என்று எடுத்துக்கொண்டாள்.

ஒருநாள் அவளே எனக்குப் போன் செய்தாள். வாழ்க்கையில் முதல் முறை.

"மாமா, உன் சீரியல்ல ஒரு பொண்ணு வருதே, அது எந்த ஊரு?"

"ஏன்மா?"

"என்ன மாதிரியே கீது மாமா. எனக்கு மட்டும்தான் இப்டின்னு நெனச்சிகினு இருந்தேன்."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "அது நடிகைம்மா, சும்மா நடிக்குது" என்றேன். "அவ்ளோ கரெக்டா நடிக்க முடியாது மாமா" என்று என்னைத் திருத்தினாள். எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்தேன் என்ற வரியை அடுத்த வாரம் கடைக்குட்டி வாயில் போட்டேன். நன்றாக எடுபட்டது.

ஆனால் அவளுக்கென்று ஏற்கெனவே ஓர் இடம் இருந்தது. காலையில் படகுகள் கடலையொட்டிய உப்பேரியிலிருந்து திரும்பும்போது, அவள் அப்பா பிடிப்பில் ஒரு பங்கு கூலிக்குப் போகும் படகு கரையேறும் இடத்தில் போய் உட்கார்ந்துவிடுவாள். கொட்டிய குவியலில் வெள்ளை இறால் ஒரு கூடைக்கு, பொடி இறால் ஒரு கூடைக்கு, மடவை இந்தப் பக்கம், கிழங்கான் அந்தப் பக்கம் என்று பிரிப்பாள். நண்டு கடிக்காது, கெளுத்தி முள் குத்தாது. அப்படியொரு விரல். நாற்பது வருஷம் மீன் பிரித்த பெண்கள் அவளுக்குப் பக்கத்தில் உட்கார யோசிப்பார்கள். அங்கே யாரும் அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டார்கள்.

கடைக்குட்டியாக நடித்த பெண்ணுக்குச் சினிமாவில் வாய்ப்பு வந்தது. "கொன்னுடலாம் சார்" என்றார் தயாரிப்பாளர், டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்பது போல. எனக்குத் தெரிந்த தண்ணீர் எங்கள் ஏரிதான். அதிலேயே மூழ்கடித்தேன்.

மறுநாள் அக்கா போன் செய்தாள். "டேய், ஏரியில இடுப்பளவு தண்ணி. கையால எறா தடவிப் புடிக்கிற பொம்பளைங்க நாள் பூரா அதுல நடந்துகினு கீறாங்க. அதுல எந்தப் பொண்ணுடா சாவும்?"

"கதைக்குத் தேவைப்பட்டுதுக்கா."

"உன் மூஞ்சி. கடல்லயாவது தள்ளிவுட்ருக்கலாம் இல்ல?"

"பொண்ணு இன்னா சொன்னா?"

"சோறு எறங்கல. அவளுக்குன்னு இருந்த ஒரே ஃப்ரெண்டு பூட்சாம்."

அன்று காலை கரையில் நடந்ததையும் அக்காதான் சொன்னாள். மகள் வழக்கம்போல் கூடையோடு போயிருக்கிறாள். ஏலத்துக்கு நின்ற ஒருத்தி, "இன்னாடி, நேத்து தான செத்த? காரியம் முடியறதுக்குள்ள எறா பொறுக்க வந்துட்ட?" என்றிருக்கிறாள். இன்னொருத்தி, "பொணம் வருது, வழி வுடுங்கடி" என்று ஒதுங்கிக் காட்டியிருக்கிறாள். கரையே சிரித்தது. ஒரு நிமிஷம் கழித்து என் மருமகளும் சிரித்தாளாம்.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஏரியில் நல்ல இடத்தில் வலை போடும் முறை, குலுக்கல் போட்டு ஆளுக்கொரு நாளாக வரும். பாடு நாள் என்பார்கள். அந்த வாரம் அவள் அப்பா போகும் படகுக்குப் பாடு. விடியற்காலையில் படகுக்காரர் எஞ்சினைத் தோளில் வைத்துக்கொண்டு வருகிறார், இவள் அப்பாவின் சோற்றுத் தூக்கோடு எதிரே போகிறாள். எவனோ ஒருவன், "அண்ணே, செத்தவ எதுர்ல வரா, திரும்பு" என்று கத்தினான். படகுக்காரரும் விளையாட்டாக வீட்டுக்குத் திரும்பி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி கிளம்பினார். அன்று வலையில் ஏறியது பாசி.

விளையாட்டு அங்கே நின்றது. அந்த ஊர்க்காரர்கள் யூடியூப் பார்த்து எஞ்சினைப் பிரித்து மாட்டுகிறவர்கள். தொலைக்காட்சியில் செத்தவள் நிஜத்தில் செத்தவள் என்று ஒருவரும் நம்பவில்லை. பாடு நாளில் சோதித்துப் பார்க்கவும் ஒருவரும் தயாராக இல்லை. முதலில் தடுத்தது அவள் அப்பாதான். "கொஞ்ச நாளு கரையாண்ட வராதம்மா."

"எத்தினி நாளு நைனா?" என்று கேட்டிருக்கிறாள். அவள் விவரமாகப் பதில் சொல்கிறவள், விவரமாகவே கேட்டாள். அப்பாவுக்கு அந்தப் படகில் இருந்தது ஒரு பங்கு. அதுவும் போனால் வேறு படகில் யாரும் ஏற்றமாட்டார்கள்.

நான் பொன்னேரியில் பஸ் மாறி ஊருக்குப் போனேன். படகுக்காரர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். ஸ்டூல் எடுத்துப் போட்டார், கலர் வாங்கிவரச் சொன்னார். அவ்வளவு மரியாதை.

"அண்ணே, அது கதை. நான் எழுதுனது" என்றேன்.

"தெரியும்பா. எங்க வூட்ல தினிக்கும் பாக்கறாங்க."

"அப்புறம் இன்னா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. கூட வர பசங்க தயங்கறானுங்க. பேஜாரா பூடுது." வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நீதான சாவடிச்ச? நீயே எழுப்பி வுடேன். உங்க சீரியல்ல எத்தினி பேர் எழுந்து வரான்."

இலக்கியம் படித்த காலத்தில் இவ்வளவு தெளிவான விமர்சனம் எனக்குக் கிடைத்ததில்லை. சென்னைக்குத் திரும்பி, வேலையை விட்டுவிடுவேன் என்று மிரட்டினேன். யாரும் பயப்படவில்லை. ஆனால் கடைக்குட்டி போனபிறகு தொடரைப் பார்ப்பவர்கள் குறைந்திருந்தார்கள். எழுப்பச் சம்மதித்தார்கள்.

எழுந்து வருகிற நாளில் அக்கா வீட்டில் இருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் நான் சொல்லி வந்திருந்தார்கள். படகுக்காரர் மனைவியும் வந்திருந்தாள். மருமகள் டிவிக்கு ஒரு முழத்தில் உட்கார்ந்திருந்தாள். ஏரிக்கரையில் மூடுபனி, பின்னணியில் வீணை, ஓர் உருவம் நடந்து வந்தது. திரையின் கீழே எழுத்து ஓடியது: இவருக்குப் பதில் இவர்.

வந்தவள் வேறொருத்தி. உயரம், சிவப்பு, விரித்த கூந்தல். நான் எழுதிக் கொடுத்த நீளப் பதில்களும் பிந்திய சிரிப்பும் அவளுக்கு வரவில்லை என்று, அடிபட்டதில் பழைய குணம் மறந்துவிட்டதாக இயக்குநர் மாற்றியிருந்தார். எனக்கே அப்போதுதான் தெரியும். புதிய கடைக்குட்டி வில்லியின் கன்னத்தில் ஓர் அறை விட்டாள்.

படகுக்காரர் மனைவி எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். "இது வேற பொண்ணுப்பா. நம்மளுது போனது போனதுதான்." யாரையும் பார்க்காமல், யாரையும் புண்படுத்தாமல் சொன்னாள். மற்றவர்களும் எழுந்தார்கள்.

மருமகள் விளம்பரம் வரும்வரை பார்த்திருந்துவிட்டு, "இவ நல்லா கீறா மாமா" என்றாள். "இவளையே வச்சிக்கோ."

அடுத்த மாதம் இறால் உரிக்கும் கம்பெனியில் அவளைச் சேர்த்தார்கள். தலைக்குத் தொப்பி, முகத்துக்குத் துணி, கைக்கு உறை. "மூஞ்சி தெரியாது, பேச்சு கெடையாது. அவளுக்கு நல்லதா போச்சு" என்றாள் அக்கா. இறால் வகை வகையாகப் பிரிந்து பெட்டியில் வருமாம். அதை மிஷின் செய்துவிடுகிறது.

முதல் நாள் காலையில் வேன் நிற்கும் இடம்வரை நான் கூடப் போனேன். கடைத்தெரு திருப்பத்தில், எஞ்சினைத் தோளில் வைத்துக்கொண்டு படகுக்காரர் எதிரே வந்தார். அவர் நடை ஒரு கணம் தயங்கியது. நான் என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் யோசிக்கவில்லை. சட்டென்று ஓரம் போய், மூடியிருந்த கடையின் ஷட்டரைப் பார்த்துத் திரும்பி, துப்பட்டாவை முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். அவர் தாண்டிப் போகும்வரை அசையவில்லை.

என்னைக் கடக்கும்போது படகுக்காரர் முகம் மலர்ந்திருந்தது. "பரவால்ல, உங்க அக்கா பொண்ணுக்கு வெவரம் வந்துட்ச்சி" என்றார்.

நானும் சிரித்து, தலையாட்டினேன்.