அமலநாதன் தைத்த காலுறை

நெல்லித்தோப்பில் அமலநாதன் பிரெஞ்சுக்காரர்களின் சிப்பாய்களுக்குச் சட்டை, கால்சட்டை தைத்துப் பிழைத்தவர். 1933இல் யாரும் கேட்காத ஒன்றைத் தைத்தார்: யானைக்கால் உள்ளவர்கள் முழங்கால்வரை மாட்டிக் கயிற்றால் இறுக்கிக்கொள்ளும் கெட்டித்துணி உறை. காலையில் எழுந்ததுமே, கால் வீங்குமுன் கட்டிவிட வேண்டும். மனைவி ஞானமேரியின் இடது காலுக்காகத்தான் அதை யோசித்தார். ஏழு தரம் பிரித்துத் தைத்த பிறகு அவள் மாதாகோயில் பூசைக்கு நடந்தே போய்வந்தாள்.

ஊரில் இன்னும் எத்தனையோ பேர் இந்தக் காலோடு நடக்கிறார்களே என்று, இன்னொரு உறை தைத்து எடுத்துக்கொண்டு அமலநாதன் கிளம்பினார். வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் அதை விரலால்கூடத் தொடவில்லை. பங்குச் சாமியார், பூசையில் இதையெல்லாம் அறிவிக்க முடியாது என்றார். மூன்று மருந்துக்கடைகளில் வாசலோடு அனுப்பிவிட்டார்கள்.

நாலாவது கடை ராமலிங்கத்துடையது. அன்று ஞானமேரியும் கூட வந்து, வாசல் நிழலில் நின்றாள். ராமலிங்கம் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. யார் போட்டுப் பாத்தாங்க? உங்க வீட்டுல யாருக்காவது இருக்கா?"

கடையில் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அமலநாதன் வாய் தானாகச் சொன்னது: "இல்லீங்க முசே. எங்க குடும்பத்துல அந்த நோவே கிடையாது."

"அப்போ இது பலன் குடுக்கும்னு உமக்கு எப்படித் தெரியும்?" உறை அவர் கைக்கே திரும்பி வந்தது.

வாசலில் நின்ற ஞானமேரிக்கு எல்லாம் கேட்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் காலிலிருந்ததை அவிழ்த்து மெஷின்மேல் வைத்தாள். மறுநாள் கட்டவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நாலாம் நாள் கால் பழையபடி வீங்கி, அவள் சுவரைப் பிடித்து நடந்தாள். அமலநாதன் உறையை எடுத்து அவள்முன் நீட்டினார்.

"கட்டிக்க மேரி."

"உங்க குடும்பத்துலதான் அந்த நோவு இல்லியே."

அவர் திரும்ப ராமலிங்கத்தின் கடைக்குப் போனார். கடை நிறைய ஆள் இருக்கும் நேரமாகப் பார்த்தே போனார். "அன்னிக்குப் பொய் சொன்னேன். என் பொஞ்சாதிக்குத்தான் ஆறு வருஷமா இருக்கு. அவ கட்டித்தான் கொறஞ்சுது." சொல்லும்போது காதெல்லாம் சுட்டது. ராமலிங்கம், பொய் சொன்ன ஆளின் சரக்கு வேண்டாம் என்றார்.

ஆனால் கனகசெட்டிக்குளத்து மீன்காரி தையல்நாயகி அங்கே தன் யானைக்காலுக்குத் தைலம் வாங்க வந்திருந்தாள். விசாரித்துக்கொண்டு மறுநாள் வீடு தேடி வந்தாள். "அண்ணே, அந்த உறைய எனக்குக் காட்டுறியா?"

உள்ளேயிருந்து ஞானமேரி வந்தாள். முன்பின் தெரியாத அந்தப் பெண்ணின் எதிரே உட்கார்ந்து, கணுக்காலுக்குமேல் புடவையைத் தூக்கி, உறையைக் காலில் வைத்துக் காட்டினாள்.

"முழுசா சரியாவாது. ஆனா நடக்கலாம். இப்படிக் கீழேர்ந்து மேல இறுக்கணும்."

அமலநாதன் அளவெடுக்க நாடாவைத் தேடுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தையல்நாயகி சொல்லி மற்ற மீன்காரிகள் வந்தார்கள், பிறகு மில்காரர்கள். 1938க்குள் அவர்கள் வீட்டு முன்னறை காலுறைக் கடையாகிவிட்டது. அவர் தைத்தார், கட்டிவிடுவதும் கற்றுக்கொடுப்பதும் ஞானமேரி. அந்த நாலு நாளுக்குப் பிறகு அவளும் மறுபடி கட்டத் தொடங்கினாள். அன்று கடையில் நடந்த பேச்சை அவள் ஒருபோதும் எடுக்கவில்லை. அமலநாதன்தான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில், மனைவியின் நோவை மறைத்த அதே பாவத்தை வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். அது எப்போதோ மன்னிக்கப்பட்டதென்று சாமியார் சொன்னாலும், அவருக்கு மனசு ஆறவில்லை.