கவிழும் என்று சொன்னவர்

செவ்வாய்க்கிழமை காலை அச்சகத்தில் பட்டாசு லேபிளின் புரூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விருதுநகரிலிருந்து லோடு ஏற்றி வந்த லாரி டிரைவர், "வத்தல் கிட்டங்கியில சாக்கு அடுக்குவாருல்ல, ஒத்தக்கைத் தவமணி, அவரு போயிட்டாரு" என்றார். சரி என்று சொல்லிவிட்டு அடுத்த புரூப்பை எடுத்தேன். அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

உங்களில் பலர் அவரை அந்தப் பட்டப்பெயரால் மட்டுமே அறிவீர்கள். இரண்டு கையும் இருந்த காலத்தில் அவர் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் ஃபோர்மேன். நான் அங்கே லேபிளுக்குப் படம் வரைந்தேன். அவர் இளமையில் பம்பாயில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். விக்டோரியா மகாராணி காலத்துக் கவசக் கப்பல்கள் பற்றிய ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகம், அட்டை கிழிந்தது, அவரிடம் இருந்தது. மத்தியானச் சோற்றுவேளையில் அதை விரித்துவிட்டால் மணியடிப்பதுகூட அவர் காதில் விழாது. தேக்குப் பலகைமேல் இரும்புத் தகடு அறைந்தார்களாம். அதைத் துளைக்கப் பெரிய பீரங்கி வந்ததாம். உடனே தகட்டை இன்னும் தடிமனாக்கினார்களாம். பிறகு பீரங்கியைச் சுழலும் கோபுரத்தில் வைத்து, கப்பலின் பக்கங்களைத் கிட்டத்தட்ட நீர்மட்டத்துக்குத் தாழ்த்தினார்கள். நிலக்கரி தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் உயரமான பாய்மரங்களை மட்டும் விடவில்லை. அப்படி ஒரு கப்பல் புயலில் கவிழ்ந்தபோது அதை உருவாக்கியவரும் அதிலேயே மூழ்கிப்போனார். "கவசம் குண்டத் தாங்கும் தம்பி, காத்தத் தாங்காது" என்பார்.

ஐம்பதுகளின் கடைசியில், எங்கள் கம்பெனி முதலாளிக்கு ஓர் ஆசை வந்தது. பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் தெப்பக்குளத்தில் ஒரு கவசக் கப்பலை மிதக்கவிட்டு வாணம் விட வேண்டும். தவமணி படகு ஒன்றுக்குத் தகரம் அடித்து, கோபுரம் வைத்து, அச்சு அசலாகச் செய்துமுடித்தார். முதலாளி வந்து பார்த்து, "பாய்மரம் எங்கலே? ஒசரமா ரெண்டு மரம் நட்டு அம்புட்டுச் சரத்தையும் தொங்கவிடு" என்றார்.

"மொதலாளி, தகரப் பாரமே மேல நிக்கி. மரமும் வச்சா ஒரு காத்துக்குக் கவுந்துரும்."

"பயமா இருந்தா சொல்லு. மாடசாமிய ஏத்துதேன்."

கம்பெனியில் வேலைபார்த்த பையன் மாடசாமிக்கு நீந்தத் தெரியாது. தவமணி மூங்கில் வாங்கிவரச் சொன்னார். நான் இரண்டடி தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆமத்தூர்க் கண்மாயில் பட்டப்பகலில் வெள்ளோட்டம். தவமணியே ஏறினார். கரையில் விருந்தாளிகள் கலர் சோடா குடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் சரம் வெடிக்கும்போதே காற்று திரும்பியது. கப்பல் ஒருபக்கம் சாய்ந்தது, நிமிரவேயில்லை. சாயும்போதே உள்ளே அடுக்கியிருந்த வெடி அவர் கைக்கருகில் வெடித்தது. அதுவும் வேடிக்கைதான் என்று நினைத்து விருந்தாளிகள் கைதட்டினார்கள். தண்ணீர் சிவந்த பிறகுதான் நிறுத்தினார்கள். மாடசாமியும் நானும் கரையிலேயே நின்றோம். மீன் பிடிக்க வந்த யாரோதான் குதித்து இழுத்து வந்தார்கள். வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது.

போலீஸ் வருமுன் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "மரம் வச்சது அவன் இஷ்டம். கணக்குத் தப்பாப் போட்டுட்டான். நீதான கூட இருந்த?" இருந்தேன் என்று சொல்லி, அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவருக்கு இந்த ஊர்க் கம்பெனி எதிலும் வேலை கிடைக்கவில்லை. எனக்கு அச்சகம் வந்தது. முதலாளியின் லேபிள் ஆர்டர் முழுவதும் வந்தது.

பல வருஷம் கழித்து ஒரு நாள் தவமணி அச்சகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தம்பி என்றும் கூப்பிடவில்லை.

"கை போனதப் பேச வரல, மொதலாளி. வேல போனதையும் பேச வரல. என் கணக்குத் தப்புன்னு எழுதிக் கொடுத்தீக. தப்பில்லன்னு ஒரு வரி எழுதித் தாங்க. போலீசுக்கில்ல. நான் வச்சுக்கிடத்தான்."

"பாக்கலாம் அண்ணாச்சி, சீசன் முடியட்டும்" என்றேன்.

அடுத்த வருஷமும் வந்தார். நான் காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஊரில் இல்லை என்று கடைப் பையனைச் சொல்லச் சொன்னேன். "அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் வரவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவர் கேட்ட அந்த ஒரு வரிதான். வாசிக்க அவர் இல்லாத இந்த நாளில் எழுதுகிறேன்: தவமணியின் கணக்கு சரி, மரம் கேட்டது முதலாளி, கவிழும் என்று அவர் சொன்னதை என் காதால் கேட்டேன்.